கடைவீட்டு வாடகை ஒப்பந்தங்களின் காலக்கெடு தானாகக் கணக்கிடப்படும்படி பதிவேட்டை அமைக்கும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில், ரப்பர் மரத்தில் பால்வெட்டிச் சேர்த்த பணத்தில் கடைவீடு வாங்கிய குடும்பங்கள் உண்டு. இன்று அவர்களுடைய பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறார்கள். வாடகை வாங்குவது, ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது, பழுது பார்ப்பது ஆகியவற்றை ஊரில் இருக்கும் ஒருவர் பல குடும்பங்களுக்காகச் சேர்த்துக் கவனிக்கிறார். அப்படிக் கவனிப்பவருக்காகவே இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். அவர் கையில் இருப்பது விலை கொடுத்து வாங்கிய சொத்து மேலாண்மை மென்பொருளாக இருக்கலாம், கூகுள் ஷீட்ஸில் போட்ட அட்டவணையாக இருக்கலாம், முறை ஒன்றுதான்.

காலக்கெடு எதையும் கையால் தட்டச்சு செய்யக் கூடாது என்பதே அந்த முறையின் அடிப்படை. ஒப்பந்தத் தாளில் எழுதியிருக்கும் விவரங்களை மட்டும் பதிய வேண்டும். அவற்றிலிருந்து பிறக்கும் தேதிகள் அனைத்தையும் மென்பொருளே கணக்கிட வேண்டும். கையால் எழுதிய தேதி, மூல விவரம் மாறும்போது தானும் மாறாது. கடையை ஒப்படைப்பது ஒரு மாதம் தள்ளிப்போனால், தொடக்கத் தேதியை மட்டும் திருத்திவிட்டு மற்றவற்றை மறந்துவிடுவோம். பழைய அறிவிப்புத் தேதி சரியான தேதியைப் போலவே திரையில் நின்றுகொண்டிருக்கும்.

ஆகவே ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் ஒரு வரிசை ஒதுக்கி, கையொப்பமிட்ட தேதி, வாடகை தொடங்கும் தேதி, மாதக் கணக்கில் ஒப்பந்தக் காலம், தாளில் எழுதியுள்ள முடிவுத் தேதி, புதுப்பிக்க விரும்பினால் எத்தனை மாதங்களுக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற எண், பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் எத்தனை நாளில் கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்ற எண், வைப்புத் தொகை ஆகியவற்றைப் பதியுங்கள். கையொப்பத் தேதியையும் தொடக்கத் தேதியையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். முத்திரை வரிக்கான கெடு முதலாவதைச் சார்ந்தது. ஒப்பந்த முடிவு இரண்டாவதைச் சார்ந்தது.

கணக்கீட்டை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். 2024 ஜூன் 1 அன்று தொடங்கும் 36 மாத ஒப்பந்தம் 2027 மே 31 அன்று முடியும். எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் ஈடேட் (EDATE) என்ற வாய்பாட்டுக்குத் தொடக்கத் தேதியையும் 36 என்ற எண்ணையும் கொடுத்து, வரும் தேதியிலிருந்து ஒரு நாளைக் கழித்தால் இந்த விடை கிடைக்கும். மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டுமானால், முடிவுத் தேதியையும் கழித்தல் குறியுடன் 3 என்ற எண்ணையும் அதே வாய்பாட்டுக்குக் கொடுங்கள். 2027 பிப்ரவரி 28 என்று வரும். அது ஞாயிற்றுக்கிழமை. பேராக்கில் அன்று அஞ்சலகமும் இல்லை, வழக்கறிஞர் அலுவலகமும் இல்லை. எனவே அதற்கு முந்திய வேலைநாளான பிப்ரவரி 26, வெள்ளிக்கிழமைதான் நடைமுறையில் கடைசி நாள். அதிலிருந்தும் கடிதம் போய்ச் சேர ஒப்பந்தம் குறிப்பிடும் நாள்களைக் கழிக்க வேண்டும். இத்துடன், உரிமையாளர் வெளியூரில் இருந்தபடி முடிவெடுக்க இரண்டு வாரமாவது விட்டு, உள்கெடு என்று தனியாக ஒரு தேதியையும் வைத்துக்கொள்வது என் வழக்கம். நினைவூட்டல் அந்த உள்கெடுவிலிருந்தே தொடங்க வேண்டும்.

வார விடுமுறையைக் கையாள வொர்க்டே இன்டல் (WORKDAY.INTL) என்ற வாய்பாடு இருக்கிறது. கெடு நாளுடன் ஒரு நாளைக் கூட்டிக் கொடுத்து, ஒரு வேலைநாள் பின்னோக்கிப் போகச் சொன்னால், கெடு வேலைநாளாக இருந்தால் அதையே தரும். விடுமுறையாக இருந்தால் முந்திய வேலைநாளைத் தரும். வார விடுமுறை எது என்பதை எண்ணால் சொல்ல வேண்டும்: சனி, ஞாயிறு என்றால் 1, வெள்ளி, சனி என்றால் 7. ஒரே உரிமையாளருக்குச் சுங்கை சிப்புட்டில் ஒரு கடையும் கெடாவின் சுங்கை பட்டாணியில் ஒரு கடையும் இருந்தால் இந்த எண் முக்கியமாகிறது; மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமை, வெள்ளி, சனி விடுமுறை உள்ள கெடாவில் வேலைநாள். ஜொகூர் 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டதால், அங்குள்ள சொத்துகளுக்குப் பழைய எண்ணை விட்டுவைத்திருப்பவர்கள் மாற்ற வேண்டும். ஆகையால் மாநிலத்தைத் தனி நெடுவரிசையில் பதிந்து, விடுமுறை எண்ணை அதிலிருந்து எடுக்கும்படி செய்யுங்கள். பொது விடுமுறைகளைத் தனிப் பட்டியலாக வைத்து, ஆண்டுதோறும் அரசு அறிவிப்பு வந்தபின் நிரப்ப வேண்டும். நோன்புப் பெருநாள் பிறை பார்த்து முடிவாவதால், அதையொட்டி வரும் கெடுவை ஒரு நாள் முன்னதாகவே வைப்பது பாதுகாப்பு.

மாதக் கடைசியில் தொடங்கும் ஒப்பந்தங்கள் தனிக் கவனம் கேட்பவை. 2025 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கும் ஆறு மாத ஒப்பந்தத்துக்கு ஈடேட் 2026 பிப்ரவரி 28 என்று தரும். வழக்கம்போல் ஒரு நாளைக் கழித்தால் பிப்ரவரி 27 ஆகிவிடும். ஒப்பந்தத் தாளிலோ பிப்ரவரி 28 என்றே எழுதியிருக்கக்கூடும். இதற்காகத்தான் தாளில் உள்ள முடிவுத் தேதியையும் பதியச் சொன்னேன். கணக்கிட்ட தேதியும் எழுதிய தேதியும் வேறுபட்டால் அந்தக் கட்டம் சிவப்பாகட்டும். தாளை எடுத்துப் படித்து மனிதரே முடிவு செய்யட்டும். ஒப்பந்தத்தின் வாசகமே இறுதியானது. வாய்பாட்டின் விடையை அதற்கு மேலாக வைக்கக் கூடாது.

முத்திரை வரிக்குக் கணக்கு எளிது. மலேசியாவில் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தை 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் வழி முத்திரையிட வேண்டும்; தாமதித்தால் தண்டம் உண்டு, முத்திரையில்லாத தாளை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. கையொப்பத் தேதியுடன் 30 கூட்டினால் போதும்.

ஒப்பந்தக் காலம் 36 மாதத்தைத் தாண்டினால் மென்பொருள் எச்சரிக்க வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின்படி மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதுபோல், கடை நிற்கும் நிலமே அரசிடமிருந்து பெற்ற குத்தகை நிலமாக இருந்தால், பட்டாவில் உள்ள முடிவு ஆண்டையும் பதியுங்கள். நிலத்தின் காலத்தைத் தாண்டி வாடகை ஒப்பந்தம் போட முடியாது. நகரின் பழைய கடைகளைப் பொறுத்தவரை இது தொலைவில் இருக்கும் கவலை என்று ஒதுக்கிவிட வேண்டாம். குத்தகை நீட்டிப்பு விண்ணப்பத்துக்கு நீண்ட காலம் பிடிக்கும் என்பதால், இந்தக் கெடுவுக்கு மட்டும் மாதக் கணக்கில் அல்லாமல் ஆண்டுக் கணக்கில் முன்னறிவிப்பு வையுங்கள்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமானதைச் சொல்கிறேன். சில மென்பொருள்களில், கெடு கடந்த ஒப்பந்தத்தைத் தானாக நீட்டித்துக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். தேதிகள் தானாகக் கணக்கிடப்படுவது வேறு. ஒப்பந்தம் தானாக நீள்வது வேறு. முடிவுத் தேதிக்குப் பிறகும் கடைக்காரர் இருக்கிறார், வாடகையும் வங்கியில் விழுகிறது என்பதை வைத்து மென்பொருள் இன்னோர் ஆண்டைச் சேர்த்துவிட்டால், இரு தரப்பும் ஒப்புக்கொள்ளாத ஓர் ஒப்பந்தம் பதிவேட்டில் உருவாகிவிடும். சட்டப்படி அந்த நிலைமை மிகவும் நுட்பமானது: 1956ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின் 28(4)(அ) பிரிவு, காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்கும் உரிமையை உரிமையாளருக்குத் தருகிறது, மாறாக, பேச்சின்றி வழக்கமான வாடகையைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தால் அது மாதத்துக்கு மாதம் தொடரும் வாடகையாகக் கருதப்பட இடமுண்டு. எனவே நடப்பு, முடிந்தது என்ற இரண்டு நிலைகள் போதா. முடிந்தும் குடியிருப்பு தொடர்கிறது என்ற மூன்றாவது நிலை வேண்டும். முடிவுத் தேதி கடந்து, காலி செய்த தேதியும் நிரப்பப்படாமல், புதிய ஒப்பந்தமும் பதியப்படாமல் இருக்கும் வரிசை தானாகவே அந்த நிலைக்குப் போக வேண்டும். உரிமையாளர் வாரந்தோறும் அதைப் பார்க்க வேண்டும்.

புதுப்பிக்கும்போது பழைய வரிசையைத் திருத்தாமல் புதிய வரிசை சேர்த்து, முந்திய ஒப்பந்தத்தின் எண்ணை அதில் குறியுங்கள். பின்னாளில் வைப்புத் தொகையைப் பற்றி வழக்கு வந்தால் இந்தத் தொடர்ச்சியே உதவும். வாடகை 1,800 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 2,000 வெள்ளிக்கு உயர்ந்து, வைப்புத் தொகை இரண்டு மாத வாடகை என்று ஒப்பந்தம் சொன்னால், கடைக்காரர் இன்னும் 400 வெள்ளி தர வேண்டும்; புதிய வரிசை இந்தக் குறைவையும் கணக்கிட்டுக் காட்டலாம்.

நினைவூட்டலுக்கு, கூகுள் ஷீட்ஸ் என்றால் அதனுடன் வரும் நிரல் எழுதும் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் நாள்தோறும் இயங்கும் தூண்டுதல் ஒன்றை அமைத்து மின்னஞ்சல் அனுப்பச் செய்யலாம். அட்டவணையின் நேர மண்டலமும் ஸ்கிரிப்ட்டின் நேர மண்டலமும் தனித்தனி அமைப்புகள். இரண்டையும் கோலாலம்பூருக்கு வையுங்கள். உலகப் பொது நேரத்தில் இயங்கும் மென்பொருளில், இங்கே காலை எட்டு மணி ஆகும்வரை நேற்றைய தேதியே இருக்கும். அட்டவணையின் நாட்டு அமைப்பையும் பாருங்கள். அமெரிக்க முறையில் இருந்தால் 05/06 என்பது ஜூன் 5 ஆகாமல் மே 6 ஆகிவிடும். கடைக்காரரின் அடையாள அட்டை எண்ணை மின்னஞ்சலில் சேர்க்க வேண்டாம். கடை எண் போதும்.

நினைவூட்டல் ஒருமுறை வந்து நின்றுவிடக் கூடாது. கடிதம் அனுப்பிய தேதியும் பதிவுத் தபால் எண்ணும் நிரப்பப்படும்வரை அது தொடர வேண்டும். ‘பார்த்தேன்’ என்று ஒரு பொத்தானை அழுத்தினால் அடங்கிவிடும் அமைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் ‘சரிங்கண்ணே, தொடர்றேன்’ என்று பதில் போட்டாலும், ஒப்பந்தம் எழுத்துமூலமான அறிவிப்பைக் கேட்டால் கெடு இன்னும் நிறைவேறவில்லை என்றே பதிவேடு காட்ட வேண்டும்.

பயன்படுத்தத் தொடங்குமுன் ஒரு நகலில் சோதியுங்கள். மாத நடுவில் தொடங்கும் ஒப்பந்தம், 31ஆம் தேதி தொடங்கும் ஒப்பந்தம், 2028 பிப்ரவரி 29 அன்று தொடங்கும் ஒப்பந்தம், நேற்றே முடிந்துபோன ஒப்பந்தம் ஆகிய நான்கையும் பதிந்து, வரும் தேதிகளைக் காகிதத்தில் போட்ட கணக்குடன் ஒப்பிடுங்கள். தொடக்கத் தேதியை மாற்றிப் பார்த்து, அதைச் சார்ந்த எல்லாத் தேதிகளும் நகர்கின்றனவா என்று கவனியுங்கள்; நகராத தேதி ஏதேனும் இருந்தால் அந்தக் கட்டத்தில் வாய்பாட்டுக்குப் பதிலாக யாரோ கையால் எழுதியிருக்கிறார்கள். வாய்பாடு உள்ள நெடுவரிசைகளைப் பூட்டி, திருத்தும் உரிமையை ஊரில் உள்ள ஒருவருக்கும் உரிமையாளர் குடும்பத்தில் ஒருவருக்கும் மட்டும் கொடுங்கள்.