இயக்குநர் பெரியவரா? எடைபோடும் விதம்

திருகோணமலையில் நாலு ரசிகர் கூடினால், ஒரு சினிமா இயக்குநர் உண்மையிலேயே பெரிய கலைஞரா என்ற தர்க்கம் தேத்தண்ணி ஆறும்வரை ஓடும். முடிவு காண அவருடைய ஐந்து படமாவது பாருங்கள்: முதலாவது, கடைசி, பேர் வாங்கியது, தோற்றது, ஒருவரும் பேசாதது. விருது, வசூல் எல்லாம் பிறகு. முதலுக்கும் கடைசிக்கும் இடையில் பத்து வருடமில்லையென்றால் தீர்ப்பைத் தள்ளிப்போடுங்கள்.

ஒவ்வொன்றிலும் பத்து நிமிடக் காட்சியைச் சத்தத்தை நிறுத்திப் பாருங்கள். யார் யாருக்குப் பயம் என்பது ஆட்கள் நிற்கும் இடத்திலும் கமரா வைத்த உயரத்திலும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உங்களை அழவைத்தது பின்னணி இசை.

அடுத்து, அதே இயக்குநரோடு ஒளிப்பதிவாளர் போன்ற முக்கிய ஆள் மாறிய படத்தைத் தேடுங்கள். வெற்றிமாறனின் 'ஆடுகளம்' (2011), 'அசுரன்' (2019) இரண்டுக்கும் ஒளிப்பதிவு வேல்ராஜ், 'விசாரணை'க்கு எஸ். ராமலிங்கம். மூன்றிலும் எது மாறாமல் நிற்கிறதோ அதை இயக்குநர் கணக்கில் எழுதலாம். இந்தச் சோதனையைத்தான் பலர் செய்வதேயில்லை.

பிழை விடும் இடங்கள்: நடிகர் மேலுள்ள பாசம், பாட்டுகளை ஓட்டிவிட்டுப் பார்ப்பது, பட்டப்பகலில் கைபேசியில் பார்த்து இருட்டுக் காட்சி விளங்கவில்லை என்பது. அறையை இருட்டாக்கி, பெரிய திரையில், தானாக வெளிச்சம் கூட்டும் வசதியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.