போன சம்பளத்துக்கு வந்த பில்

என் கணவருக்கு வேலை போனதோடு மருத்துவக் காப்பீடும் போய்விட்டது. 2025இல், இங்கே அமெரிக்காவில், சின்னவனுக்குக் காது வலி. மத்திய அரசு நிதி பெறும் சமுதாய சுகாதார மையம் ஒன்றுக்குக் கூட்டிப்போனோம். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் குறையும் என்றார்கள். வந்ததோ முழுக் கட்டணம், 190 டாலர்.

மறுநாள் கவுன்டரில் என் படிவத்தைக் காட்டச் சொன்னேன். வருமானக் கட்டத்தில் முந்தைய வருட வரிக் கணக்குத் தொகை, இப்போது இல்லாத அவர் சம்பளத்தையும் சேர்த்து! குடும்பத்தில் 4 பேர், எழுதியிருந்தது 3. பாதித் தப்பு என்னுடையதுதான், படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நான்கு பேர் குடும்பத்துக்கு அந்த வருட வறுமைக் கோடு 32,150 டாலர். அதற்குள் இருந்தால் பெயரளவுக் கட்டணம், அல்லது அதுவும் இல்லை. இரு மடங்கு வரை படிப்படியாகத் தள்ளுபடி. என் சம்பளம் மட்டும் என்றால் வருடத்துக்கு 38,000 சொச்சம்.

என் கடைசி இரண்டு சம்பளச் சீட்டு, அவருடைய வேலைநீக்கக் கடிதம், புதுப் படிவம், இவ்வளவுதான் கொடுத்தேன். "பழைய பில்லுக்கும் சேர்த்துப் போடுங்கள்" என்று கேட்டது நல்லதாகப் போயிற்று, அவர்களாகச் சொல்லவில்லை. பத்து நாளில் திருத்திய பில் வந்தது: 40 டாலர்.