பழைய ஹீத்கிட் ரிசீவரின் டியூனிங் எல்லையைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டயலில் முள் 7 மெகாசைக்கிளில் (இன்றைய மெகாஹெர்ட்ஸ்) நிற்கிறது. காதில் விழுவதோ 7.3-ல் இருக்கவேண்டிய ஒலிபரப்பு. பழைய கிட் ரிசீவர் ஒன்றை மேசைமேல் வைத்து முதன்முதலாக உயிர் கொடுத்தவர்களில் பலருக்கு இது நேர்ந்திருக்கும். உடனே கை ஸ்குரூடிரைவரைத் தேடும். அந்தக் கையை அரை நாள் அடக்கி வையுங்கள். இந்த செட்டுகள் காலத்தால் கெட்டதைவிட, பொறுமையில்லாத கைகளால் கெட்டதே அதிகம் என்பது என் அனுபவம்.

உதாரணத்துக்கு ஹீத்கிட் ஏஆர்-3 செட்டை எடுத்துக்கொள்கிறேன். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து பென்டன் ஹார்பரிலிருந்து உதிரிகளாகப் பெட்டியில் வந்த வால்வு (வெற்றிடக் குழாய்) ரிசீவர் அது. 550 கிலோசைக்கிள் முதல் 30 மெகாசைக்கிள் வரை நான்கு பாண்டுகள், ஐ.எஃப். (வரும் சிக்னலும் செட்டுக்குள் உண்டாகும் ஆஸிலேட்டர் அலையும் கலந்து கிடைக்கும் வித்தியாச அலைவரிசை) 455 கிலோசைக்கிள். (ஹெர்ட்ஸ் என்ற அலகு சர்வதேச முறையில் ஏற்கப்பட்டதே 1960-ல்தான். அதனால்தான் அக்கால டயல்களில் சைக்கிள் கணக்கு.) வாங்கியவரே வீட்டில் சால்டரிங் செய்து, அவரே அலைன் செய்த (அலைவரிசைகளை டயலோடு ஒத்துப்போக வைத்த) செட். ஒவ்வொருவரும் வயரை ஒவ்வொரு விதமாக வளைத்திருப்பார்கள். காயில் (கம்பிச்சுருள்) அருகே ஓடும் வயரின் நீளம்கூடச் சில பிகோஃபாரட் (மின்தேக்கத் திறனின் சிறு அலகு) கூட்டிக் குறைக்கும். இரண்டு ஏஆர்-3 ஒரே மாதிரி இருக்காது. இன்னொருவர் செட்டில் டிரிம்மர் (திருகித் திருத்தும் சிறு கண்டென்சர்) எத்தனை சுற்று திருகப்பட்டது என்ற கணக்கு உங்கள் செட்டுக்கு உதவாது.

முதலில் உயிர் விஷயம். அமெரிக்க செட் 117 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230-ல் நேரடியாகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். அக்காலத்து மலிவான கிட்டுகள் சிலவற்றில் பவர் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. அவற்றின் சேசிஸ் (உலோகச் சட்டகம்) நேராக மெயின் லைனோடு சேர்ந்திருக்கும். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டிலும் வால்வுக்குப் போகும் டிசி ஆளைக் கொல்லும் அளவுக்கு இருக்கும். உள்ளே திருகும்போது ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும்.

திருகுவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

டயல் தப்பாகக் காட்டினால், முள் தன்னை இழுக்கும் கயிற்றில் நழுவியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கேங் கண்டென்சரின் (டியூனிங் குமிழால் சுழலும் தகடு கண்டென்சர்) தகடுகளை முழுக்க உள்ளே மூடுங்கள். முள் டயலின் தாழ்ந்த கோடியில் அதற்குரிய கோட்டில் நிற்கிறதா? கால் அங்குலம் தள்ளி நின்றால் கோளாறு கயிற்றில்தான், சர்க்யூட்டில் இல்லை.

அடுத்து பாண்ட்ஸ்பிரெட், அதாவது பாண்டின் ஒரு சிறு பகுதியை விரித்து நுணுக்கமாக டியூன் செய்யும் தனிக் குமிழ். மெயின் டயலின் எண்கள் சரியாக இருப்பது, பாண்ட்ஸ்பிரெட் குமிழ் கையேடு சொல்லும் இடத்தில் இருக்கும்போது மட்டும்தான். அதை நடுவில் எங்கோ விட்டுவிட்டு அலைன் செய்தால் அந்தத் தவறு எல்லா பாண்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். செட்டை ஆன் செய்து அரை மணி நேரமாவது சூடேற விடுங்கள். குளிர்ந்த வால்வில் ஆஸிலேட்டர் நகர்ந்துகொண்டே இருக்கும். ஐ.எஃப். 455-ல் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். ஐ.எஃப். 465-க்கு ஓடிப்போன செட்டில் டயலைத் திருத்துவது, சாய்ந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போலத்தான்.

காயிலுக்கும் டிரிம்மருக்கும் உள்ள வேலைப் பிரிவு

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். தாழ்ந்த கோடியில் டயல் தப்பு என்று டிரிம்மரைத் திருகுகிறார்கள். அது சரியானதும் உயர்ந்த கோடி எங்கோ போய்விடுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கேங் மூடியபோது 365 பிகோஃபாரட், திறந்தபோது 15. டிரிம்மரும் வயரிங்கும் சேர்ந்து 25 என்று வையுங்கள். மொத்தம் 390-லிருந்து 40 வரை. ஏறக்குறைய பத்துக்கு ஒன்று. அலைவரிசை இதன் வர்க்கமூலத்தில்தான் மாறும், ஆகவே 3.1 மடங்கு. கீழே 530 கிலோசைக்கிள் என்றால் மேலே 1655. இப்போது டிரிம்மரில் 20 பிகோஃபாரட் கூட்டுங்கள். கீழ்க்கோடி 517-க்கு இறங்கும், வெறும் 13 நகர்வு. மேல்கோடியோ 1655-லிருந்து 1350-க்கு விழுந்துவிடும். அதே 20 பிகோஃபாரட்தான். 390-க்குப் பக்கத்தில் அது தூசு, 40-க்குப் பக்கத்தில் பாதி.

காயிலுக்குள் இருக்கும் ஸ்லக்கை (திருகி நகர்த்தும் காந்தக் கரு) திருகினால் கதை வேறு. இரண்டு கோடிகளும் ஒரே விகிதத்தில் நகரும். அதனால் தாழ்ந்த கோடிக்கு ஸ்லக், உயர்ந்த கோடிக்கு டிரிம்மர். ஒன்று மற்றதைக் கொஞ்சம் கெடுக்கும் என்பதால் மாறி மாறி மூன்று நான்கு முறை. ஒரே சுற்றில் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். கோடியின் விளிம்பிலேயே வைத்துத் திருத்துவதும் வேண்டாம். மீடியம் வேவில் 600-லும் 1400-லும் வைத்தால் இடைப்பட்ட பகுதி நன்றாக ஒத்துப்போகும்.

முதலில் ஆஸிலேட்டர், பிறகு ஆன்டெனா காயில். டயலைத் தீர்மானிப்பது ஆஸிலேட்டர். ஆன்டெனா பக்கம் சத்தத்தைக் கூட்டும், அவ்வளவுதான். சிலர் தலைகீழாகத் தொடங்கி, சத்தம் கூடியதைப் பார்த்து டயல் சரியாகிவிட்டதாக நம்பிவிடுகிறார்கள்.

பொய்க் குரல்

மேல் பாண்டில் இன்னொரு பொறி இருக்கிறது. டயலை 28 மெகாசைக்கிளில் வைத்து, சிக்னல் ஜெனரேட்டரையும் (சோதனை அலை தரும் கருவி) 28-ல் வைத்து ஆஸிலேட்டர் டிரிம்மரைத் திருகுங்கள். சத்தம் இரண்டு இடத்தில் வரும். ஆஸிலேட்டர் 28.455-ல் இருந்தாலும் வித்தியாசம் 455, 27.545-ல் இருந்தாலும் 455. ஆஸிலேட்டர் சிக்னலுக்கு மேலே ஓடும் செட்டில் முதலாவதுதான் சரி. அதாவது டிரிம்மர் அதிகம் திறந்திருக்கும் இடம். முதலில் கிடைத்த சத்தத்தோடு நின்றால் பாதிப் பேர் தவறான இடத்தில்தான் நிற்பார்கள். டயலைத் தொடாமல் ஜெனரேட்டரை 28.910-க்கு நகர்த்துங்கள். அங்கே மெலிதாக ஒரு குரல் கேட்டால் நீங்கள் சரியான பக்கம். 27.090-ல் கேட்டால் தவறான பக்கம்.

ஜெனரேட்டரின் சத்தத்தை அதிகம் வைக்காதீர்கள். ஏவிசி (தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு) பாய்ந்து ஒலியைச் சமன் செய்துவிடும், உச்சம் எது என்று காதுக்குத் தெரியாது. இரைச்சலுக்குச் சற்று மேலே எட்டிப்பார்க்கும் அளவுக்கு இருந்தால் போதும்.

ஆஸிலேட்டரை அளக்க ஆஸிலோஸ்கோப்பின் புரோபை நேராகக் காயிலில் மாட்டுவதும் தவறுதான். புரோபே பத்துப் பதினைந்து பிகோஃபாரட் சுமக்கும். எடுத்ததும் அலைவரிசை தாவும். நான் செய்வது எளிது. எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) வசதியுள்ள டிஜிட்டல் ரேடியோ ஒன்றை ஓர் அடி தள்ளி வைத்து, செட்டின் ஆஸிலேட்டரையே அதில் கேட்பேன். டயல் 7.000 என்றால் அதில் 7.455-ல் விசில் கேட்க வேண்டும். எதையும் தொட வேண்டியதில்லை.

ஸ்லக்கின் மென்மை

ஸ்லக் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. என் முதல் வால்வு செட்டில் அறுபது வருடத்து மெழுகு ஸ்லக்கைப் பிடித்திருந்தது. நான் இரும்பு ஸ்குரூடிரைவரை விட்டு அழுத்தினேன். உப்புக்கல் நொறுங்குவது போல மெல்லிய ஒரு சத்தம். கரும் துகள்கள் விரலில் ஒட்டின; இரண்டாகப் பிளந்த ஸ்லக் காயிலுக்குள் ஆப்பு போல இறுகிவிட்டது. அந்த பாண்டுக்கு மாற்றுக் காயில் கிடைக்கவே இல்லை. இரும்பு வேறு விதத்திலும் தொல்லை: உள்ளே இருக்கும்போது ஓர் அலைவரிசை, வெளியே எடுத்ததும் வேறு. பிளாஸ்டிக் அலைன்மெண்ட் கருவி இல்லையென்றால் மூங்கில் குச்சியைச் சீவி, பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும்வரை தேய்த்துக்கொள்ளுங்கள். ஹேர் டிரையரால் மெழுகை இளக்கி, முதலில் கால் சுற்று பின்னால், பிறகு முன்னால். அசையவில்லை என்றால் மறுபடி சூடு, பலம் வேண்டாம்.

கேங்கின் ஓரத் தகடுகளில் வெட்டுகள் இருப்பதைப் பார்த்து அவற்றை வளைத்துச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். தொழிற்சாலையில் கருவிகளோடு ஒருமுறை செய்த வேலை அது. வீட்டில் தொட்டால் நடு டயல் முழுக்கக் கோணலாகும், திரும்ப நேராக்க வழியில்லை.

எல்லாம் முடிந்ததும் உடனே மெழுகு வைத்து அடைக்காதீர்கள். செட்டை இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் மறுபடி அரை மணி சூடாக்கி, 10 மெகாசைக்கிளில் வரும் நேரக்குறிப்பு ஒலிபரப்பைத் தேடுங்கள். முள் அந்தக் கோட்டிலேயே நின்றால், அப்போது ஒரு சொட்டு மெழுகு.