பரண்ல கிடக்கிற அப்பா ரெக்கார்டை பாட வைக்கிறது எப்படி

எங்கப்பா பெட்டியில அமெரிக்கப் பாடகருங்க கென்னி ரோஜர்ஸும் டாலி பார்ட்டனும் பாடுன ஐலண்ட்ஸ் இன் த ஸ்ட்ரீம் ரெக்கார்டு இருந்துச்சு, 1983ல வந்து அமெரிக்க பில்போர்டு பத்திரிகை போடுற கன்ட்ரி, பாப் ஹிட் லிஸ்ட் ரெண்டுலயும் முதல் இடம் பிடிச்ச பாட்டு, எழுதுனது என்னமோ பீ ஜீஸ் பேண்ட் ஆளுங்க.

உங்க வீட்லயும் இப்படி ஏதாச்சும் கிடந்தா மொதல்ல பரண்லேருந்து இறக்குங்க, மதுரை சித்திரை வெயிலுக்கு அப்பளம் மாதிரி வளைஞ்சிரும். ஓரத்தை மட்டும் பிடிங்க, கோடு மேல விரல் படக்கூடாது.

கழுவ குழாத் தண்ணி வேணாம், நம்மூர் உப்புத் தண்ணி காஞ்சா வெள்ளையா படிஞ்சிரும். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரே ஒரு சொட்டு விட்டு, மெத்துன்னு இருக்க துணியால கோடு சுத்திப் போற போக்குலயே தொடைக்கணும், குறுக்க தேய்ச்சீங்க போச்சு, அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல இன்னொரு தடவை. நடுவுல இருக்க லேபிள் நனையக்கூடாது. தட்டு ஸ்டாண்டுல நிமித்தி நிழல்ல காய வைங்க, அம்மா மொட்டமாடிக்கு தூக்கிட்டுப் போகாம பாத்துக்கங்க!

நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய தட்டுன்னா ஸ்பிரிட் பக்கமே போகாதீங்க, அது அரக்கு, கரைஞ்சிரும்.

ஸ்பீடு 33ஆ 45ஆன்னு லேபிள்ல பாத்துட்டு முள்ளை வைங்க. 45 தட்டை 33ல வச்சா டாலி பார்ட்டன் ஆம்பளை குரல்ல பாடும்.