பள்ளிக்கூடப் பயமும் ஆட்டிசம் உள்ள பிள்ளையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் ஒரு பிள்ளை பள்ளி வாசலில் தரையில் உட்கார்ந்து அழுதால், "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று சொல்ல உடனே நாலு பேர் வந்துவிடுவார்கள். ஆட்டிசம் (பேசுவதும் பழகுவதும் சத்தம், கூட்டம், மாற்றம் போன்றவற்றைத் தாங்குவதும் வேறு மாதிரி இருக்கும் மூளை வளர்ச்சி நிலை) உள்ள பிள்ளை விஷயத்தில் முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். நாம் பிடிவாதம் என்று நினைப்பது பெரும்பாலும் பயம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சுமார் 40 விழுக்காட்டினருக்குப் பதற்றக் கோளாறும் சேர்ந்தே இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் "பயமா இருக்கு" என்று சொல்லப் பல பிள்ளைகளுக்குத் தெரியாது. வயிறு வலிக்கிறது என்பார்கள், காதைப் பொத்திக்கொள்வார்கள், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சிலர் வகுப்பு முழுக்க அடக்கி வைத்திருந்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் வெடிப்பார்கள். "ஸ்கூல்ல நல்லாத்தானே இருக்கான்" என்று டீச்சர் சொன்னால், அம்மா வளர்ப்பில்தான் குறை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்தது, மாற்றத்தை முன்கூட்டியே சொல்லாமல் விடுவது. மாசி, பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா வந்தால் தெருவெல்லாம் ஒலிபெருக்கி, பால்குடம், கூட்டம். பள்ளி வேன் வேறு தெரு வழியாகப் போகலாம். அந்த ஒன்று போதும், அன்றைய நாளே குலைந்துவிடும். முந்தின நாள் இரவே ஒரு தாளில் வேன், பிரேயர், பாடம், சாப்பாடு, வீடு என்று வரிசையாகப் படம் வரைந்து, மாறப்போவதை மட்டும் வேறு நிறத்தில் காட்டுங்கள். "ஒண்ணும் ஆகாது, பயப்படாதே" என்பதில் பிள்ளை பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. "இன்னைக்கு வேற மிஸ் வருவாங்க. பெல் அடிச்சதும் அம்மா வேப்பமரத்துக்கிட்ட நிப்பேன்" என்றால் இருக்கிறது. சொன்ன இடத்தில் நிற்கவும் வேண்டும்.

அப்பத்தாவோ ஆயாவோ வேடிக்கை காட்டிவிட்டு, பிள்ளை பார்க்காத நேரம் நழுவுவது நம் ஊர்ப் பழக்கம். மறுநாள் முதல் அது கையை விடாது. சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

அழுகை உச்சத்தில் இருக்கும்போது "ஏன் அழுறே? யார் அடிச்சா?" என்று அடுக்காதீர்கள். அப்போது எந்தப் பேச்சும் உள்ளே ஏறாது. கூட்டத்தை விலக்கி, சத்தமில்லாத மூலைக்குக் கூட்டிப்போய், கூடவே இருந்தால் போதும். கையை உதறினாலும் முன்னும் பின்னும் ஆடினாலும் தடுக்க வேண்டாம், அப்படித்தான் அது தன்னை ஆற்றிக்கொள்கிறது.

பாவம் என்று நாள் கணக்கில் லீவு போட வைப்பது அன்பில் செய்யும் தவறு. வீட்டிலேயே இருக்க இருக்கப் பள்ளி இன்னும் பூதாகரமாகத் தெரியும். அதற்காக இழுத்துக்கொண்டு போய் உள்ளே தள்ளுவதும் கூடாது. எது பயமுறுத்துகிறதோ அதைக் குறையுங்கள். பிரேயர் சத்தம் என்றால் அது முடிந்த பிறகு வகுப்புக்குப் போகட்டும், முடியாவிட்டால் கொஞ்ச நாள் அரை நாள். இதைத் தலைமையாசிரியரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் (வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை மையம்) சிறப்பு ஆசிரியரைப் பற்றி விசாரியுங்கள். சாப்பாடும் தூக்கமும் குறைந்தாலோ, பிள்ளை தன்னைத்தானே அடித்துக்கொண்டாலோ, குழந்தை மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.