வெளிநாட்டில் கார் ஓட்டப் போகிறீர்களா? ஹெட்லைட் பாஷையையும் தெரிந்துகொள்ளுங்கள்

வெளிநாட்டில் வாடகைக் கார் எடுப்பவர்கள் சாலை விதிகளை மட்டும் படித்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள், அங்கே ஓட்டுபவர்கள் தங்களுக்குள் காட்டிக்கொள்ளும் சைகைகளையும் பார்த்து வையுங்கள். எதிரில் வருபவர் ஹெட்லைட்டை அடித்துக் காட்டினால் பிரிட்டனில் பெரும்பாலும் 'நீங்கள் போங்கள்' என்று அர்த்தம், இத்தாலியில் அதுவே 'நான் வருகிறேன், நில்லுங்கள்'. இதை மாற்றிப் புரிந்துகொண்டு வண்டியைத் திருப்பினால் ஆபத்து, அதனால் எதிர் வண்டி உண்மையிலேயே வேகம் குறைத்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே நகருங்கள். ஜப்பானில் வழிவிட்டவருக்கு ஹசார்ட் லைட்டை, அதாவது எல்லா இண்டிகேட்டர்களையும் ஒன்றாக, ஓரிரு முறை மினுக்கி நன்றி சொல்வார்கள், ரொம்ப அழகான பழக்கம். ஜெர்மனியின் ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையில் முந்தியதும் வலது லேனுக்குத் திரும்பிவிடுங்கள். அப்புறம் அமெரிக்காவில் நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு உள்ள சந்திப்பில் முதலில் வந்து நின்றவர்தான் முதலில் போவார், பின்னால் இருந்து ஹாரன் அடித்து அவசரப்படுத்தாதீர்கள்.