எம்விபியை எண்ணுவதற்கு முன்: ஒரு கூடைப்பந்து வீராங்கனையின் கணக்கைப் படிப்பது எப்படி

அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள், சாப்பிட்டுக்கொண்டே ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டாள். பள்ளி அணியில் பாயிண்ட் கார்டு ஆடுகிறவள், டபிள்யூஎன்பிஏ என்ற அமெரிக்கப் பெண்கள் லீக்கைத் துண்டு வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறவள். "சித்தி, ஏஜா வில்சனுக்கு எம்விபி நாலு. டௌராசிக்கு ஒண்ணுதான், சூ பேர்டுக்கு அதுவும் இல்ல. அப்புறம் ஏன் அவங்களை எல்லாரும் தலையில தூக்கி வெச்சுக்கிறாங்க?"

நியாயமான கேள்விதான். எம்விபி என்பது சீசனின் மிகச் சிறந்த வீராங்கனைக்கான விருது. அவள் கையில் இருந்தது விக்கிப்பீடியாவின் புள்ளிவிவர அட்டவணை மட்டும். அந்த அட்டவணை பொய் சொல்லாது, ஆனால் பாதியை விழுங்கிவிடும். மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க நான் பின்பற்றும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு தாள், இரண்டு வண்ணப் பேனா, ஒரு மாலை நேரம் இருந்தால் போதும்.

தாளில் ஆண்டுக்கு ஒரு வரி போடுங்கள், வரிக்குப் பன்னிரண்டு கட்டம். டபிள்யூஎன்பிஏ கோடைக்கால லீக். இப்போது மே மாதம் தொடங்கி பைனல்ஸ் அக்டோபர் வரை இழுக்கிறது, முன்பெல்லாம் செப்டம்பரிலேயே முடிந்துவிடும். அந்த மாதங்களை நீலத்தில் நிரப்புங்கள். மிச்ச மாதங்களில் அந்தப் பெண் ஓய்வில் இருந்தார் என்றுதானே நினைப்போம்? அங்கேதான் ஏமாறுகிறோம். ரொம்பக் காலமாக முன்னணி வீராங்கனைகள் பலர் குளிர்காலத்தில் ரஷ்யா, துருக்கி, இத்தாலி, சீனா என்று போய் இன்னொரு முழு சீசன் ஆடினார்கள். சம்பளம் அங்கேதான் இருந்தது. அந்த மாதங்களுக்குச் சிவப்பு. ஒலிம்பிக்ஸ் வந்தால் ஒரு நட்சத்திரம்.

நீலத்துக்கான விவரம் பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஆண்டுவாரியாக அப்படியே கிடைக்கும். சிவப்புக்குக் கொஞ்சம் அலைய வேண்டும். யூரோலீக் (ஐரோப்பிய கிளப் அணிகளுக்கான முதன்மைப் போட்டி) வெற்றியாளர் பட்டியல், சர்வதேசக் கூட்டமைப்பின் தளம், பழைய பேட்டிகள் என்று துண்டு துண்டாகத்தான் சேரும்.

டயானா டௌராசியை வைத்தே செய்து பார்ப்போம். 2004 டிராஃப்டில், அதாவது புது வீராங்கனைகளை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளாக பீனிக்ஸ் மெர்க்குரிக்குப் போகிறார். 2024 வரை ஒரே அணி. 10,646 புள்ளிகள். லீக்கில் 10,000 புள்ளியைத் தொட்ட முதல் ஆள், தொட்ட அன்றைக்கு வயது 41, அந்த ஒரு ஆட்டத்தில் மட்டும் 42 புள்ளி போட்டார். 2007, 2009, 2014 என மூன்று கோப்பை. இதெல்லாம் நீலம். இப்போது சிவப்பைப் போடுங்கள். மாஸ்கோவின் ஸ்பார்ட்டக் அணியோடு 2007 முதல் 2010 வரை தொடர்ந்து நான்கு யூரோலீக் கோப்பை, பிறகு எகடெரின்பர்க் அணியோடு 2013, 2016 என இன்னும் இரண்டு. தாளைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள், பத்து வருடத்துக்கு வெள்ளைக் கட்டமே அரிதாகத்தான் இருக்கும். 2007இல் வசந்தத்தில் ஐரோப்பாவில் கோப்பை, செப்டம்பரில் அமெரிக்காவில் கோப்பை. ஆறு ஒலிம்பிக் தங்கத்துக்கு ஆறு நட்சத்திரம் வேறு.

பிறகு 2015க்கு வாருங்கள். நீலமே இல்லை. காயமா? இல்லை. எகடெரின்பர்க் அணி, கோடையில் ஆடாமல் ஓய்வெடுங்கள் என்று சொல்லி அதற்கே பணம் கொடுத்தது. அப்போது வந்த செய்திகள்படி ரஷ்யாவில் அவருக்கு ஒரு சீசனுக்கு 15 லட்சம் டாலர் அளவில் சம்பளம், சொந்த நாட்டு லீக்கில் ஒரு லட்சத்துச் சொச்சம். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அட்டவணையில் இந்த வருடம் ஒரு கோடு கூட இல்லாமல் 2014இலிருந்து 2016க்குத் தாவிவிடும். என் கணக்கில் டௌராசியின் தாளிலேயே அதிகம் பேசுகிற வரி அந்தக் காலி வரிதான்.

அடுத்து, வீராங்கனை பிறந்த வருடத்தையும் லீக் பிறந்த வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டபிள்யூஎன்பிஏவின் முதல் ஆட்டம் 1997 ஜூன் 21. சிந்தியா கூப்பர் பிறந்தது 1963இல். அதாவது லீக் தொடங்கும்போதே 34 வயது. அதற்கு முன் பத்தாண்டு ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஆடிக்கொண்டிருந்தவர், ஹூஸ்டன் காமெட்ஸில் வந்து சேர்ந்து முதல் இரண்டு வருடமும் எம்விபி, முதல் நான்கு வருடமும் அணிக்குக் கோப்பை, நான்கு பைனல்ஸிலும் பைனல்ஸ் எம்விபி. எல்லோரும் மூட்டை கட்டும் வயதில் செய்தது இது. இருபத்தைந்து வயது கூப்பர் எப்படி ஆடியிருப்பார் என்று நினைத்தால் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது, இத்தாலிக்காரர்கள் மட்டும் பார்த்துவிட்டார்களே என்று.

டெரசா எட்வர்ட்ஸ் இன்னும் மோசமான உதாரணம், அதாவது அட்டவணைக்கு மோசமான உதாரணம். 1984 முதல் 2000 வரை ஐந்து ஒலிம்பிக்ஸ், நான்கு தங்கம், ஒரு வெண்கலம். டபிள்யூஎன்பிஏ பக்கத்தைத் திறந்தால் 2003, 2004 என்று இரண்டே வரி, அதுவும் நாற்பதை நெருங்கிய வயதில். இடையில் அவர் ஆடிய ஏபிஎல் என்ற, டபிள்யூஎன்பிஏவுக்குப் போட்டியான லீக் 1996இல் தொடங்கி 1998 டிசம்பரில் சீசன் நடுவிலேயே இழுத்து மூடப்பட்டது. 1990களில் ஆடிய யாரைப் பார்த்தாலும், ஏபிஎல் என்று ஒரு தடவை தேடிவிடுங்கள்.

இப்போது இடைவெளிகள். காலி வரி எதைப் பார்த்தாலும் அதற்குக் காரணம் எழுதாமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது என்பது என் விதி. காயம் என்றால் எளிது. சூ பேர்டுக்கு 2013உம் 2019உம் முழங்கால் அறுவை சிகிச்சை. இருந்தும் 2004, 2010, 2018, 2020 என நான்கு கோப்பை, நான்கும் சியாட்டில் அணிக்கே, முதல் கோப்பைக்கும் கடைசிக்கும் நடுவே பதினாறு வருடம். எம்விபி இல்லைதான். 3,234 அசிஸ்ட் (சக வீராங்கனை கூடை போடக் கொடுத்த பாஸ்) இருக்கிறது, அதை ஒருவர் இன்னும் தாண்ட வேண்டும்.

பிரசவம் என்றால் வரி பாதியாகத் தெரியும். ஷெரில் ஸ்வூப்ஸ் லீக்கில் ஒப்பந்தமான முதல் வீராங்கனை. முதல் சீசன் தொடங்கிய அதே வாரத்தில் மகன் பிறந்தான், ஆறு வாரத்தில் களத்துக்கு வந்துவிட்டார். 1997 வரியில் ஒன்பது ஆட்டம் என்று இருக்கும். பார்ப்பவர் "என்ன இது, பெஞ்ச் ஆளா?" என்று நினைத்துவிடலாம். பிற்பாடு மூன்று எம்விபி வாங்கியவர். கேண்டஸ் பார்க்கர் 2008இல் அறிமுக சீசனிலேயே சிறந்த புதுமுகம், எம்விபி இரண்டையும் சேர்த்து வாங்கினார், அதை வேறு யாரும் செய்ததில்லை. அடுத்த மே மாதம் மகள் பிறந்தாள், அதே சீசனில் திரும்பி ஆடினார். மகப்பேறு விடுப்புக்கு முழுச் சம்பளம் என்பது லீக்கும் வீராங்கனைகள் சங்கமும் போட்ட 2020 ஒப்பந்தத்தில்தான் வந்தது. அதனால் அதற்கு முந்தைய வரிகளைப் படிக்கும்போது அந்தப் பெண் எந்த நிபந்தனையில் திரும்பினார் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மாயா மூர் விஷயத்தில் காரணம் எழுத உங்களுக்கு ஒரு கட்டம் போதாது. எட்டே சீசன், 2011, 2013, 2015, 2017 என ஒன்று விட்டு ஒன்று நான்கு கோப்பை, 2014இல் எம்விபி. 2019 சீசனுக்கு முன், 29 வயதில், ஆட்டத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனார். ஜோனதன் அயர்ன்ஸ் என்பவர் தவறாகத் தண்டிக்கப்பட்டுப் பல்லாண்டாகச் சிறையில் இருந்தார், அவர் விடுதலைக்காகப் போராட. 2020இல் அவர் வெளியே வந்தார், பின்னர் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். மூர் திரும்பவே இல்லை, 2023இல் ஓய்வை முறையாக அறிவித்தார். மொத்தப் புள்ளிப் பட்டியலில் அவரை மேலே தேடாதீர்கள், கிடைக்க மாட்டார்.

மொத்தம் என்றதும் சொல்ல வேண்டியது, சீசனின் நீளம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1997இல் ஓர் அணிக்கு 28 ஆட்டம். 2003இலிருந்து 2019 வரை 34. கொரோனா வருடத்தில் 22. 2023இல் 40, 2025இல் 44. ஆகவே "ஒரு சீசனில் அதிகம்" என்று தலைப்பு பார்த்தால் உடனே வகுத்துப் பாருங்கள். 2006இல் டௌராசி 34 ஆட்டத்தில் 860 புள்ளி, சராசரி 25.3. 2023இல் ஜூவல் லாய்ட் 939 எடுத்து அந்தச் சாதனையை உடைத்தார், ஆனால் 38 ஆட்டத்தில், சராசரி 24.7. மொத்தத்தில் லாய்ட் மேலே, சராசரியில் டௌராசிதான் மேலே. அடுத்த வருடம் ஏஜா வில்சன் 38 ஆட்டத்தில் 1,021 எடுத்தார், சராசரி 26.9. இரண்டு வகையிலும் முதலிடம், வாதத்துக்கே இடமில்லை. அக்கா மகளிடம் இதைக் கால்குலேட்டரில் போட்டுக் காட்டியதும் "அப்போ நான் சொன்னது சரிதானே" என்றாள். வில்சனைப் பொறுத்தவரை சரிதான், யார் இல்லை என்றார்கள்?

கோப்பைகளையும் இதே மாதிரி எடை போடலாம். 1997இல் எட்டு அணி, 2000இல் பதினாறு, 2010 முதல் 2024 வரை பன்னிரண்டு. பன்னிரண்டு அணிக்கு ஆளுக்குப் பன்னிரண்டு பேர் என்றால் உலகத்துக்கே அப்போது 144 இடம். நல்ல கல்லூரி வீராங்கனைகள் டிராஃப்ட் ஆகியும் பயிற்சி முகாமிலேயே கழித்துக் கட்டப்படுவது இதனால்தான், அதைத் தோல்வி என்று எழுதிவிடாதீர்கள். ஆல்-ஸ்டார் (லீக்கின் நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் காட்சி ஆட்டம்) எண்ணிக்கைக்கு நான் பெரிதாக மதிப்புத் தருவதில்லை, ரசிகர் ஓட்டும் அதில் கலந்திருக்கிறது.

ஒலிம்பிக் பதக்கத்தில் ஒரு பொடி வைத்திருக்கிறது. அமெரிக்கா 1996இலிருந்து 2024 வரை ஒரு தங்கத்தையும் விடவில்லை. ஆக, அமெரிக்க வீராங்கனைக்குத் தங்கம் என்பதைவிட அந்தப் பன்னிரண்டு பேரில் இடம் பிடித்தார் என்பதுதான் செய்தி. ஆஸ்திரேலியாவின் லாரன் ஜாக்சனுக்கு 2000, 2004, 2008 என மூன்று வெள்ளி, மூன்றும் இறுதியில் அமெரிக்காவிடம் தோற்று வந்தவை. சியாட்டிலில் மூன்று எம்விபி, 2006இல் நாட்டுக்கு உலகக் கோப்பை. முழங்கால் ஒத்துழைக்காமல் 2016இல் ஓய்வு. கதை முடிந்தது என்று கோடு போட்டுவிடாதீர்கள்: 2022 உலகக் கோப்பைக்குத் திரும்பி வந்து, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் 30 புள்ளி அடித்தார், 41 வயதில். 2024 பாரிஸிலும் வெண்கலம். அவர் தாளில் எனக்கு வரி பற்றாமல் பின்பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

இன்றைக்கு ஆடுகிறவர்களுக்குச் சிவப்பு குறைந்துவிட்டது. 2022 பிப்ரவரியில் பீனிக்ஸ் வீராங்கனை பிரிட்னி கிரைனர் ரஷ்யாவில் கைதாகி டிசம்பரில்தான் விடுதலையானார், அதோடு ரஷ்யப் போக்குவரத்தே நின்றது போலத்தான். லீக்கும், வெளிநாட்டிலிருந்து தாமதமாக வந்தால் அபராதம், பிறகு சீசனே கிடையாது என்று விதி கொண்டுவந்தது.

கடைசியாக அக்கா மகளையே ஒரு தாள் போடச் சொன்னேன், பிரியானா ஸ்டூவர்ட்டுக்கு. அவளே தேடிப் போட்டாள். 2018இல் எம்விபியும் கோப்பையும், நீலம். அந்தக் குளிர்காலம் ரஷ்யாவின் டைனமோ கர்ஸ்க் அணி, சிவப்பு. 2019 ஏப்ரலில் ஹங்கேரியில் நடந்த யூரோலீக் இறுதியில் குதிகால் தசைநார் அறுந்தது. 2019 கோடை முழுக்க வெள்ளை. "சிவப்புல அடிபட்டு நீலம் போச்சு" என்று ஓரத்தில் எழுதினாள். 2020இல் திரும்பி வந்து கோப்பை, பைனல்ஸ் எம்விபி. 2024இல் நியூயார்க்குக்குக் கோப்பை. 2025 ஜனவரி வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஸ்டூவர்ட்டும் நபீசா காலியரும் சேர்ந்து தொடங்கிய அன்ரைவல்ட் லீக், மூவர் அணி, நடப்பது மியாமியில். குளிர்காலம்தான், ஆனால் வெளிநாடு இல்லை.

"சித்தி, இதுக்கு எந்தக் கலர்?"

பச்சைப் பேனா வாங்க அவளே கடைக்குப் போனாள்.